வாசலிலிருந்து நாம் திருப்பி அனுப்பிய ஆள்

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், பையிலிருந்து மூன்று ஃபைல்களை எடுத்து அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த நான் அவற்றை நகர்த்தி வைத்தேன். மேலே இருந்த ஃபைலின் பளபளப்பைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. சாயந்திரம் நீ காரில் ஏறும்போது கேட்டேன். "அதே கேஎல் கம்பெனிதாம்மா. மன்னிப்பு கேட்டுட்டாங்க. இப்ப போய் ஆளை மாத்துனா பெரிய தலைவலி," என்றாய். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நீலாயில் உன் வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். உன் வேலையின் சொற்கள் எனக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை நீ கையெழுத்துப் போடப்போகிற அக்ரிமெண்ட் என்னவென்று எனக்குத் தெரியும். சிரம்பானில் சங்கத்துக்காரர்கள் நடத்துகிற கிட்னி சென்டரில் இருபத்தொரு பேர் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார்கள். போன மாதம் வரை இருபத்திரண்டு பேர். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் நின்று போனால் யார் வந்து பார்ப்பது என்பதுதான் அந்த அக்ரிமெண்ட். அது நம் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தை நகல் எடுத்துச் சங்கத் தலைவரிடமும் சென்டர் நர்ஸ் மிஸ்ஸியிடமும் கொடுக்கிறேன். நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் வந்து காத்திருக்கும் பெஞ்சிலும் ஒன்று இருக்கும். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

நோயாளிகளின் விவரத்தை வைத்துக்கொள்கிற புரோகிராமை நீ அந்தக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்கமாட்டேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு சென்டருக்குச் சும்மா வேலை செய்கிறான் என்று கோலா சாவா பஸ் நிற்கும் இடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அன்று சோறு சாப்பிட்டபடி நீ அப்பாவுக்கு விளக்கினாய். இந்த புரோகிராமை விலை கொடுத்து வாங்க வேண்டாம், உலகம் முழுக்க இருக்கிறவர்கள் கூடி எழுதியது, உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்றாய். அப்பா குழம்பைப் பிசைந்துகொண்டே, "நம்ம கோத்தோங் ரோயோங் மாதிரியாடா? எல்லாரும் சேந்து கால்வா வெட்டுறது?" என்று கேட்டார். நீ சிரித்தாய். "அதேதாம்பா." அவர் விடவில்லை. "வெட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்கல்லா. நாளைக்கு அடைச்சுக்கிட்டா யாரக் கூப்பிடறது?" என்றார். "அதுக்குத்தாம்பா கம்பெனி இருக்கு. புரோகிராம் சும்மா. பாத்துக்கிறதுக்குத்தான் ஆள் வைக்கணும்," என்றாய்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். அதற்குச் சரியான ஆளைத் தேடுவது உன் வேலை. மூன்று பேர் இந்த வேலையைக் கேட்டார்கள். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று, அவர்கள் போனில் மட்டும் பேசுவார்கள், அதுவும் இங்கிலீஷில் மட்டும் என்பதால் மிஸ்ஸியே வேண்டாம் என்றுவிட்டாள். மீதி இரண்டு பேர். கேஎல் கம்பெனிக்காரன் கோலாலம்பூரிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பெரிய காரில் வந்தான். லிம் என்ற சீனப் பையன் ராசா ஊரில் சின்னக் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், மம்பாவில் வளர்ந்தவன், நம் தமிழை அரையும் குறையுமாகப் பேசுவான். அவன் மோட்டார் சைக்கிளில் சிலிப்பர் போட்டுக்கொண்டு வந்தான்.

அன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள், நானும் அங்கே இருந்தேன். கேஎல்காரன் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. தலைவரின் அறையில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் மலாயில் "போலே, போலே" என்று தலையாட்டினான். ராத்திரி வருவீர்களா, முடியும். விடுமுறை நாளில், முடியும். இந்த புரோகிராம் தெரியுமா, எல்லாம் முடியும். லிம் வந்தவன் நேரே கம்ப்யூட்டர் முன்னால் குந்தினான். அரைமணி நேரம் உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து திறந்து பார்த்தான். பிறகு எழுந்து உன்னிடம் கேட்டான், "இது நின்னு போச்சு, நீயும் ஊருல இல்ல. மிஸ்ஸி எப்படி வேல செய்வா? தினமும் சாயந்தரம் பேரு, நம்பரு இருக்கிற லிஸ்ட்ட பேப்பர்ல எடுத்து வைக்கணும் லா." நீ முகம் சுளித்தாய். "ராத்திரி வருவியா?" என்று தலைவர் கேட்டதற்கு, "ராத்திரி தா போலே லா, என் வீட்டுல குட்டிப் பாப்பா இருக்கு. எனக்கு ஒடம்பு சரியில்லன்னா என் மச்சான் வருவான், அவனுக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றான். முடியாததை முடியாது என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். இதே புரோகிராமில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி, எழுதினவர்களுக்கே அனுப்பி, அவர்கள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் ஒரு காகிதத்தில் காட்டினான். அதை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாய்.

இதில் நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. சென்டர் வேனில் திரும்பும்போது நீ என்னைக் கேட்டாய், "என்னம்மா நெனைக்கிறீங்க?" நான் என்ன சொன்னேன்? "அந்தச் சீனப் பையன் சிலிப்பரோட வந்திருக்கான், காலெல்லாம் சேறு. பெரிய எடத்துல பெரிய கம்பெனியப் போடு," என்றேன். அப்பா சன்னல் பக்கம் திரும்பி, "என் காலப் பாத்துத்தான் உங்கப்பன் உன்னக் கட்டிக் குடுத்தானா?" என்று கேட்டார். வேனில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குத் தெரியாமல் சொன்னேன் என்றால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். தோட்டத்தில் கம்பெனியே நேராக வேலை கொடுத்த காலத்திலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், காண்டிராக்டர் வந்த பிறகும் வெட்டினேன். காண்டிராக்டர் என்றால் யார்? நடுவில் நிற்கிறவன். களைக்கு மருந்து அடிக்கும்போது உன் பெரியம்மாவுக்குக் கண்ணில் தெறித்தது. ஆபீசுக்கு ஓடினோம். "நீங்க காண்டிராக்டர் ஆளு, அங்க கேளுங்க," என்றார் அங்கே கணக்கு எழுதும் கிராணி. காண்டிராக்டரிடம் ஓடினோம். "மருந்து தோட்டக் கம்பெனியோடது, அங்க கேளு," என்றான். ஒரு பகல் முழுக்க அவள் ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு இரண்டு வாசலுக்கும் நடந்தாள். அந்தக் கண்ணில் இன்றைக்கும் பார்வை மங்கல்தான். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவள், ஃபைலின் பளபளப்பைக் கண்டதும் மறந்துபோனேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீ நாலாம் வகுப்பு படித்தபோது நாம் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோனது நினைவிருக்கிறதா? அப்பா இஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்தவர். பம்பின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த வருஷம் பம்பைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஒரு காண்டிராக்டரை வைத்திருந்தார்கள். அவன் ஆள் தவிர வேறு யாரும் கை வைத்தால் அவன் பொறுப்பில்லை என்று காகிதத்தில் இருக்கிறதாம். "யாரும் தொடக் கூடாது," என்று கிராணி வந்து சொன்னார். இரண்டு நாள் கால்வாய்த் தண்ணீரைத் தூக்கினோம். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றாலே போனது. மூன்றாம் நாள் அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டார். பத்து மணிக்குள் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு மணிக்கு அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு வார்னிங் லெட்டர் கொடுத்தார்கள்.

அந்த லெட்டரை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் என்ன செய்தேன்? லயமே கேட்கக் கத்தினேன். "ஒங்களுக்கு எதுக்குங்க வேண்டாத வேலை? படிச்சவங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துல கை வைக்கலாமா? ஊரே தண்ணி இல்லாம கெடந்தா ஒங்களுக்கு மட்டும் என்ன?" அவர் குழாயடியில் போய்க் கை கழுவினார். நீ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாய். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை. நீ யாரிடம் பாடம் படித்தாய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. போன மாதம் தெரிந்தது.

போன மாதம் கம்ப்யூட்டர் நின்றுபோன அந்தச் சனிக்கிழமையை நீ எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறாயோ தெரியாது. நான் அங்கே இருந்தேன். நீ இல்லை. கல்லூரி வேலையாகப் பினாங்கில் இருந்தாய். நானும் அப்பாவும் சென்டருக்குப் போனபோது ஆறு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் எழுத்து எதுவும் வரவில்லை. முன்னெல்லாம் மிஸ்ஸி பெரிய நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருப்பாள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அது வேண்டாம், காகிதமே வேண்டாம் என்று கேஎல் கம்பெனி சொல்லிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ரத்த வடிகட்டி தனி. கழுவி, மறுபடி அவருக்கே போடுவார்கள். அதில் நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும். எந்த நம்பர் யாருடையது, யாருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி உண்டு என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். மிஸ்ஸி எடுத்த வடிகட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "ஆளு மாத்திப் போட்டுட்டா பெரிய பாவம், அம்மா. நான் போட மாட்டேன்," என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பயந்தது நியாயம்.

அவள் உனக்குப் போன் போட்டாள். நீ கம்பெனிக்குப் போட்டாய். நாலு மணி நேரத்துக்குள் தொடர்பு கொள்வோம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள் அல்லவா? கொண்டார்கள். மூன்றே முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் பிள்ளை கூப்பிட்டாள். புகார் வந்து சேர்ந்தது, பதிவு பண்ணியாகிவிட்டது, திங்கட்கிழமை ஆள் வருவார் என்றாள். அவ்வளவுதான் அந்த நாலு மணி நேரம். கூப்பிடுவோம் என்றுதான் எழுதியிருந்தார்கள், வந்து சரி செய்வோம் என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டவன் நீ. படித்துப் பார்த்துத்தான் போட்டாயா?

அதற்கு முன்பே லிம் வந்து வாசலில் நின்றான். யாரோ நோயாளியின் மருமகன் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிலிப்பரை வெளியே கழற்றிவிட்டு, "மிஸ்ஸி, நான் பாக்கவா?" என்று கேட்டான். மிஸ்ஸி மறுபடி உனக்குப் போன் போட்டாள். நீ கூடாது என்றாய். நான் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"தம்பி, லிம்மு வாசல்லயே நிக்கிறான்டா. பாத்துட்டுப் போகட்டுமே."

"அம்மா, ஒங்களுக்கு இது புரியாது. வேற ஆளு தொட்டா அக்ரிமெண்ட் போயிரும். அப்புறம் அவங்க பொறுப்பே எடுக்க மாட்டாங்க. யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க."

"அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்குடா."

"மிஞ்சிப்போனா ரெண்டு நாள்தாம்மா. தண்ணி கம்மியா குடிக்கச் சொல்லுங்க."

யாரும் தொடக் கூடாது. கிராணி சொன்ன அதே பேச்சு, உன் வாயில். போனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான்தான் வாசலுக்குப் போனேன். "வேணாம் தம்பி, கம்பெனி வருது. நீ போ," என்றேன். அவன் என்னைப் பார்த்தான், உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான், சிலிப்பரை மாட்டிக்கொண்டு போனான். அப்பா மட்டும், "ஏம்மா அவன வெரட்டுற?" என்று கேட்டார். பம்பைத் திறந்தபோது எந்த வாய் அவரைத் திட்டியதோ அதே வாய்தான் அன்றும் பேசியது.

மூச்சு வாங்கினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மிஸ்ஸி எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா நன்றாகத்தான் பேசினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அங்க போய் அந்தப் பெஞ்சுல நாள் பூரா யாரு குந்துறது? தம்பிதான் திங்கக்கெழம ஆள் வரும்னு சொல்லிருக்கான்ல," என்றார். உன் வார்த்தையை நம்பித்தான், தம்பி, அவர் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தேன். பாதி தம்ளர் மட்டும், மிஸ்ஸி சொன்ன அளவு. அவர் சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தார்.

கேஎல் கம்பெனி ஆள் அன்று மத்தியானம் வந்தானாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வேறு யாருக்கோ போன் போட்டுப் போட்டுக் கேட்டு, சாயந்திரம் எழுந்து போய்விட்டான். புரோகிராம் எங்கள் புரோகிராம் இல்லை, அதை எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றானாம். இரண்டு வாசல்! உன் பெரியம்மா நடந்த அதே இரண்டு வாசல். செவ்வாய்க்கிழமை தலைவர், அக்ரிமெண்டாவது ஒன்றாவது என்று லிம்மைக் கூப்பிட்டார். அவன் கால் மணி நேரத்தில் சரி செய்தான். கம்பெனிக்காரர்கள் தாங்களாகப் போட்டு வைத்த ஏதோ ஒன்று, ஓயாமல் எழுதி எழுதி, உள்ளே இருந்த இடத்தை நிரப்பிவிட்டதாம். இடம் நிரம்பியதால் எல்லாம் நின்றிருக்கிறது. கால் மணி நேரம், தம்பி. நான் அவனைத் திருப்பி அனுப்பியது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முன்னால்.

இப்போது அந்தக் கம்பெனி பூமாலை அனுப்பியது, கடிதமும் அனுப்பியது. மிஸ்ஸியை விட்டுப் படிக்கச் சொன்னேன். வருந்துகிறார்களாம். ஆனாலும் ஒப்பந்தப்படி குறித்த நேரத்துக்குள் தொடர்பு கொண்டோம் என்று அதிலேயே இரண்டாவது வரியில் போட்டிருக்கிறான். இதைத்தான் நீ மன்னிப்பு என்கிறாயா? செத்த வீட்டுக்கு அனுப்புகிற காகிதத்தில்கூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறவனிடம் மறுபடியும் இருபத்தொரு பேரைக் கொடுக்கப் போகிறாய். ஆளை மாற்றினால், முதலில் தப்பாக எடுத்தாய் என்று எல்லாரும் சொல்வார்கள் என்பதுதான் உன் தலைவலி. அதை இப்போதே சொல்கிறார்கள். பெற்றவளே சொல்கிறேன். நீ தப்பாக எடுத்தாய். நான் தப்பாகச் சொன்னேன். அது முடிந்துபோன தப்பு. சனிக்கிழமை நீ செய்யப்போவது தெரிந்தே செய்கிற தப்பு.

புதிதாக யாரை எடுத்தாலும், ஃபைலைத் தொடாதே. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இதே புரோகிராமைப் போட்டு, மிஸ்ஸி முன்னால் கெடுத்து வை. வருகிறவனை அதன் முன்னால் உட்கார வை. அவன் கையால் திறக்கிறானா, போனைத் தேடுகிறானா என்று அவளே பார்த்துக்கொள்வாள். வேறு யாரும் தொடக் கூடாது என்ற வரி எந்தக் காகிதத்தில் இருந்தாலும் அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்து. உள்ளே எழுதியிருப்பதை உலகமே திறந்து பார்க்கலாம் என்றுதானே அந்த புரோகிராமைக் கொண்டுவந்தாய்? அதற்கு ஒரு பூட்டை வாங்கிப் போட்டவனும் நீதான். தினமும் சாயந்திரம் லிஸ்ட்டைக் காகிதத்தில் எடுத்து வைக்க மிஸ்ஸிக்கு நேரம் இல்லையென்றால் நான் பஸ்ஸில் போய் எடுத்து வைக்கிறேன். பட்டனை எங்கே அழுத்துவது என்று அவள் காட்டினால் போதும்.

நேற்று ராசாவுக்குப் போனேன். லிம்மின் கடையைக் கண்டுபிடித்தேன். அவன் பெண்சாதி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். "அன்னிக்கி நான்தான் ஒன்னைப் போகச் சொன்னேன். என் மேல தப்பு," என்றேன். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "அங்கிள் எனக்கு டாட்டா காட்டினாரு, ஆன்ட்டி. உள்ள இருந்து," என்றான். எனக்கு அது தெரியாது. நான் வாசலில் நின்றதால் அவர் என் முதுகுக்குப் பின்னால் கையைத் தூக்கியதைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டேன், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறாயா என்று. அவன் தலையை ஆட்டினான். "வர மாட்டேன் ஆன்ட்டி. ஒங்க மகன் என் பேப்பர ஒரு தடவ ஓரமா வச்சான். ஒரு தடவ வாசல்ல நிக்க வச்சான். மறுபடி நானே எப்படிப் போறது? வெக்கமா இருக்கு லா."

என் மன்னிப்பு அவனைக் கூட்டிவரப் போதவில்லை. என்னை அனுப்பிவைத்தால் காரியம் முடிந்துவிடும் என்று நினைக்காதே. சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. நீ போக வேண்டும். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நட. ஃபைல் எதுவும் கையில் வேண்டாம். அன்று யார் கூடாது என்று சொன்னது என்று அவன் உன்னைக் கேட்கமாட்டான், அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கேட்கவில்லை என்று நீயும் சும்மா இருந்துவிட்டு வராதே. அம்மாதான் வாசலில் வந்து சொன்னாள் என்று என்மேல் போடாதே. அவன் முன்னால் நின்று, "நான்தான் சொன்னேன்," என்று உன் வாயால் சொல். அவன் வருகிறானா, மாட்டானா என்பது அதற்குப் பிறகு.

உன் அம்மா